வெக்கை நோய்: கால்நடை நோய்ப்பரவியல் வளர்ந்த வரலாறு

மாடுகளையும் எருமைகளையும் மந்தை மந்தையாகக் கொன்ற வைரஸ் நோய் வெக்கை. கால்நடை மருத்துவ நூல்கள் இதை ரிண்டர்பெஸ்ட் என்று குறிக்கும். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும், பிற்காலத்தில் ஆப்பிரிக்காவிலும் உழவையும் பாலையும் வண்டிப் போக்குவரத்தையும் முடக்கிய இந்நோய், 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் முற்றிலும் ஒழிக்கப்பட்ட நோய்கள் இதுவரை இரண்டே. முதலாவது பெரியம்மை, அது ஒழிந்த அறிவிப்பு 1980-இல் வந்தது. இரண்டாவது வெக்கை.

நோய் கண்ட மாட்டைக் குணப்படுத்தும் மருந்து கடைசி வரை கண்டுபிடிக்கப்படவில்லை. தடுப்பூசி இருந்தும், அது மட்டுமே போதவில்லை. நோய் எந்த விலங்குக்கு வருகிறது, எங்கே வருகிறது, எப்போது வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று கணக்கெடுத்து, அந்த விடைகளைக் கொண்டு பரவலைத் தடுக்கும் துறைக்கு நோய்ப்பரவியல் என்று பெயர். வெக்கையை ஒழித்ததில் முதன்மைப் பங்கு இந்தத் துறைக்கே உரியது. இத்துறையின் அடிப்படைக் கருத்துகளில் பலவும் வெக்கையை எதிர்கொண்டபோதே உருவாயின அல்லது சோதித்துப் பார்க்கப்பட்டன.

நோயின் இயல்பு

வெக்கை வைரஸ் மனிதரின் தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவு. தொற்று ஏற்பட்ட நாளிலிருந்து அறிகுறி தெரியும் வரையிலான காலம் பொதுவாக 3 முதல் 15 நாள். முதலில் கடுங்காய்ச்சல் வரும். மாடு தீனி எடுக்காது, அசை போடாது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து பிறகு சளியாகத் தடிக்கும். ஈறு, நாக்கு, உதட்டின் உட்புறம் ஆகியவற்றில் தவிடு தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றிப் புண்ணாகும். வாய் நாறும். அடுத்துக் கடுமையான கழிச்சல் தொடங்கும். உடலில் நீர் வற்றி, காய்ச்சல் கண்ட 6 முதல் 12 நாளுக்குள் மாடு சாகும்.

நோய்ப்பரவியல் இங்கே இரண்டு விகிதங்களைப் பிரித்துப் பார்க்கிறது. மந்தையில் எத்தனை மாடுகளுக்கு நோய் வந்தது என்பது தாக்கு விகிதம். நோய் வந்தவற்றில் எத்தனை இறந்தன என்பது இறப்பு விகிதம். இந்நோயை முன்பின் கண்டிராத மந்தையில் வெக்கையின் இரண்டு விகிதங்களும் 90 விழுக்காட்டைத் தாண்டக்கூடும். நோய் நெடுங்காலம் நிலைகொண்ட பகுதியில் நிலைமை வேறு. வளர்ந்த மாடுகள் பலவும் ஒருமுறை நோயுற்றுப் பிழைத்தவையாக இருக்கும். கன்றுகளும் இளம் மாடுகளுமே பெரும்பாலும் தாக்கப்படும். வைரஸ் ஒன்றாக இருந்தும் ஒரு நாட்டில் பேரழிவாகவும் இன்னொரு நாட்டில் ஆண்டுதோறும் வந்துபோகும் தொல்லையாகவும் தெரிந்ததற்கு இதுவே காரணம்.

நோயின் நான்கு இயல்புகள் ஒழிப்புக்குத் துணையாக அமைந்தன. பிழைத்த மாட்டுக்கு வாழ்நாள் முழுதும் எதிர்ப்பாற்றல் இருந்தது. குணமான மாடு வைரஸைச் சுமந்து திரிந்து மற்றவற்றுக்குப் பரப்பவில்லை. உடலுக்கு வெளியே வெயிலிலும் வெப்பத்திலும் வைரஸ் விரைவில் அழிந்தது. ஆகவே மாட்டுக்கு மாடு நெருங்கிப் பழகினால்தான் நோய் பரவியது. உலகெங்கும் இருந்த வைரஸ் வகைகள் அனைத்தையும் ஒரே தடுப்பூசி தடுத்தது. சுருங்கச் சொன்னால், நோய் உயிர்வாழ வேண்டுமானால் ஒரு மாட்டிலிருந்து எதிர்ப்பாற்றல் இல்லாத இன்னொரு மாட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சங்கிலி எல்லா இடங்களிலும் அறுந்தால் நோய்க்குப் போக்கிடம் இல்லை.

தொற்று என்ற தெளிவு

1711-இல் வடக்கு இத்தாலியின் பதுவா பகுதியில் வெக்கை பரவியது. அங்கே மருத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்டினோ ரமாசினி நோயின் அறிகுறிகளைப் பதிவு செய்தார். நோய் தெற்கே போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதியை எட்டியபோது, போப் பதினோராம் கிளமெண்டின் மருத்துவரான ஜொவான்னி மரியா லான்சிசி கடுமையான நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தார். நோயுற்ற மாடுகளையும் அவற்றோடு இருந்தவற்றையும் கொல்ல வேண்டும். உடல்களைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். மாடுகளை ஊர் விட்டு ஊர் ஓட்டிச் செல்லக் கூடாது. காற்றின் கேட்டாலும் கோள்களின் நிலையாலும் நோய் வருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. நோய் ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுகிறது என்ற முடிவின் மேல் லான்சிசி தம் திட்டத்தை அமைத்தார். நுண்ணுயிர்க் கொள்கை நிறுவப்பட அப்போது இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. நோய்க்கிருமி எது என்று தெரியாமலே, பரவும் வழியைத் தெரிந்துகொண்டு நோயைத் தடுக்க முடியும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

1714-இல் இங்கிலாந்தில் நோய் நுழைந்தபோது, அரசர் முதலாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர் தாமஸ் பேட்ஸ் இதே வழியைப் பின்பற்றினார். அதோடு கொல்லப்பட்ட மாட்டுக்கு இழப்பீடு தரும் ஏற்பாட்டையும் சேர்த்தார். இழப்பீடு கிடைக்கும் என்றால்தான் உரிமையாளர் நோயை மறைக்காமல் சொல்வார் என்பது அவர் கண்ட உண்மை. நோய்த் தகவல் வந்து சேர்வது மக்களின் ஒத்துழைப்பைப் பொறுத்தது என்ற இந்தப் பாடம் பின்னர் ஒவ்வொரு நாட்டிலும் மீண்டும் மீண்டும் உறுதியானது.

18-ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவில் வெக்கை மீண்டும் மீண்டும் வந்தது. மாட்டு நோய்களை முறையாகப் படிக்க வேண்டிய தேவையே பிரான்சின் லியோன் நகரில் கிளாட் பூர்ஜெலா நிறுவிய கால்நடை மருத்துவப் பள்ளிக்கு முக்கியக் காரணம். 1761-இல் அரசு ஒப்புதல் பெற்ற அப்பள்ளியே உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி.

வில்லியம் ஃபாரின் கணக்கு

1865-இல் பால்டிக் கடலோரத் துறைமுகமான ரெவெலிலிருந்து (இன்றைய தாலின்) கப்பலில் ஹல் துறைமுகத்துக்கு வந்த மாடுகள் வழியாக இங்கிலாந்தில் மீண்டும் வெக்கை பரவியது. லண்டன் சந்தையிலிருந்து ரயில் மூலம் பல மாவட்டங்களுக்கு மாடுகள் போயின, நோயும் போயிற்று. வெளிநாட்டு மாடுகளால் ஆபத்து வரும் என்று கால்நடை மருத்துவர் ஜான் காம்ஜி முன்பே எச்சரித்திருந்தார். அது கவனிக்கப்படவில்லை. 150 ஆண்டுகளுக்கு முன் பேட்ஸ் காட்டிய வழியும் மறக்கப்பட்டிருந்தது.

1866 பிப்ரவரியில் நாடாளுமன்றம் பேரழிவை எண்ணி அஞ்சியிருந்த வேளையில், இங்கிலாந்தின் புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார் ஒரு செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதிவான நோய்க் கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். 1865 நவம்பர் தொடக்கம் வரையிலான நான்கு வாரங்களில் 9,597; அடுத்தடுத்த நான்கு வாரங்களில் 18,817; 33,835; 47,191. பார்ப்பவர் கண்ணுக்கு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஃபார் ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுத்தார். முதல் முறை 1.96 மடங்கு, அடுத்து 1.80 மடங்கு, அதற்கடுத்து 1.39 மடங்கு. நோய் பெருகுகிறது; ஆனால் பெருகும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. இந்தப் போக்கு நீடித்தால் அடுத்த நான்கு வாரங்களில் எண்ணிக்கை 43,182-ஆக இறங்கும், பிறகு வேகமாகச் சரியும் என்று அவர் கணித்தார்.

அப்போது அதை நம்பியவர் சிலரே. உண்மையில் பதிவான எண்கள் அவர் சொன்னவற்றோடு அப்படியே பொருந்தவில்லை என்றாலும், சில வாரங்களில் நோய் இறங்குமுகமானது. அதே பிப்ரவரியில் நோயுற்ற மாடுகளைக் கட்டாயமாகக் கொல்லவும் நடமாட்டத்தைத் தடுக்கவும் வகைசெய்யும் சட்டம் நிறைவேறியதும் அந்த இறக்கத்துக்கு ஒரு காரணம். கொள்ளைநோய் ஏன் தானாகவே தணியத் தொடங்குகிறது என்பதற்குப் பிற்காலம் தந்த விளக்கம் எளிது. எதிர்ப்பாற்றல் இல்லாத விலங்குகள் ஒவ்வொன்றாக நோயுற்று இறந்தோ பிழைத்தோ போகப்போக, வைரஸ் புதிதாகத் தொற்றுவதற்கான விலங்குகள் குறைகின்றன. கொரோனா அலைகளுக்கு வரையப்பட்ட வளைகோடுகளின் முன்னோடிகளுள் ஃபாரின் மாட்டுக் கணக்கும் ஒன்று.

இந்தியாவும் முக்தேசுவரும்

இந்தியாவில் வெக்கை நெடுங்காலமாக நிலைகொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 1866-இலேயே கால்நடை நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. ஜே. எச். பி. ஹாலன் இடம்பெற்ற ஆணையம் இந்தியாவின் கால்நடைக் கொள்ளைநோய்களை ஆராய்ந்து 1871-இல் அறிக்கை தந்தது. எந்த மாவட்டத்தில் எந்த நோய் என்று நாடளாவிய அளவில் தொகுக்க முயன்ற தொடக்கப் பணிகளுள் அது முக்கியமானது.

1889-இல் புனேயில் பேரரசு நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. ஆல்ஃபிரட் லிங்கார்ட் அதன் தலைமையேற்றார். கொடிய தொற்றுநோய்களை ஆராயும் கூடம் மக்களும் மாடுகளும் நெருங்கி வாழும் இடத்தில் இருக்கக் கூடாது என்பதால், 1893-இல் அது இமயமலைச் சாரலில் குமாவோன் பகுதியின் முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. சுமார் 7,500 அடி உயரத்தில் காடு சூழ்ந்த அந்த இடத்தின் ஒதுக்கமும் குளிரும் ஆய்வுக்கு ஏற்றவையாக இருந்தன. அந்தக் கூடமே இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது.

அக்காலத் தடுப்பு முறையில் நோயிலிருந்து பிழைத்த மாட்டின் சீரத்தையும் நோயுற்ற மாட்டின் இரத்தத்தையும் ஒருசேரச் செலுத்துவார்கள். எதிர்ப்பாற்றல் கிடைக்கும், ஆனால் அந்த இரத்தத்தோடு வேறு ஒட்டுண்ணி நோய்களும் சேர்ந்து போய்விடும். 1920-களில் முக்தேசுவரில் ஜே. டி. எட்வர்ட்ஸ் வைரஸை ஆட்டுக்கு ஆடு தொடர்ந்து செலுத்தி வளர்த்தார். பல சுற்றுகளுக்குப் பிறகு அது மாட்டைக் கொல்லும் வீரியத்தைப் பெருமளவு இழந்தது. எதிர்ப்பாற்றல் தரும் திறன் எஞ்சியது. ஆட்டில் வளர்த்த அந்தத் தடுப்பூசி பல பத்தாண்டுகள் இந்தியாவிலும் பிற ஆசிய நாடுகளிலும் பயன்பட்டது. தமிழகத்தில் 1932-இல் இராணிப்பேட்டையில் தொடங்கிய சீரம் நிலையம், இன்று கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமாக இயங்கிவருகிறது.

ஆப்பிரிக்கப் பேரழிவு

சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் மந்தைகளுக்கு வெக்கையைப் பற்றிய முன்னனுபவம் அநேகமாக இல்லை. 1880-களின் இறுதியில் இத்தாலியப் படைக்காக எரித்ரியாவில் இறக்கப்பட்ட மாடுகள் வழியாக நோய் அங்கே நுழைந்தது. 1896-இல் சாம்பேசி ஆற்றைத் தாண்டி, 1897-க்குள் தென்முனை வரை சென்றது. பல பகுதிகளில் மாடுகளில் பத்தில் எட்டு ஒன்பது மாண்டன. எத்தியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. உழ மாடில்லை, பாலில்லை, தானியம் ஏற்றிவர வண்டி மாடும் இல்லை. விலங்கின் நோய் மனிதரைத் தொற்றாமலே மனிதரைக் கொல்லும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று அரிது. பொதுச் சுகாதாரமும் கால்நடைச் சுகாதாரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற கருத்தின் வேர் இத்தகைய அனுபவங்களில் இருக்கிறது.

நோய் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத் தீர்மானித்தது விலங்கு நடமாட்டம். படையெடுப்பு, வணிகம், மேய்ச்சல் இடப்பெயர்ச்சி ஆகிய மூன்றுமே வெக்கையின் பாதைகள். இதற்கு இன்னொரு சான்று பெல்ஜியத்தில் கிடைத்தது. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற திமில் மாடுகள் வழியில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றின் வழியாக பெல்ஜியத்தில் வெக்கை பரவியது. ஒரு நாட்டின் நோய்நிலை அடுத்த நாட்டுக்கு உடனுக்குடன் தெரிந்தாக வேண்டும் என்பதை ஐரோப்பிய அரசுகள் உணர்ந்தன. 1924 ஜனவரி 25-இல் பாரிசில் 28 நாடுகள் கையெழுத்திட்டுச் சர்வதேசக் கால்நடை நோய் அலுவலகத்தை நிறுவின. இன்று அது உலக விலங்குநல அமைப்பாக இயங்குகிறது.

மந்தை எதிர்ப்பாற்றலும் அதன் எல்லையும்

1950-களின் இறுதியில் கென்யாவின் முகுகா ஆய்வு நிலையத்தில் வால்டர் பிளவ்ரைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வைரஸைக் கன்றின் சிறுநீரகத் திசு வளர்ப்பில் தொடர்ந்து வளர்த்துப் பாதுகாப்பான தடுப்பூசியை உருவாக்கினர். எல்லா இன மாடுகளுக்கும், சினை மாடுகளுக்கும்கூட அதைப் போட முடிந்தது. ஒருமுறை போட்டாலே நீண்டகாலப் பாதுகாப்பு கிடைத்தது. இப்பணிக்காக பிளவ்ரைட் 1999-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

தடுப்பூசித் திட்டத்தின் அடிப்படை, மந்தை எதிர்ப்பாற்றல் என்னும் கருத்து. எதிர்ப்பாற்றல் இல்லாத மந்தையில் நோயுற்ற ஒரு மாடு சராசரியாக நான்கு மாடுகளுக்கு நோயைத் தருவதாகக் கொள்வோம். அந்த நான்கில் மூன்றுக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், நோய் ஒரு மாட்டிலிருந்து ஒரே மாட்டுக்குத்தான் போகும். அந்த அளவைத் தாண்டி எதிர்ப்பாற்றல் உயர்ந்தால் சங்கிலி அறும். ஆகவே எல்லா மாடுகளுக்கும் ஊசி போடாமலே, 75 விழுக்காட்டுக்கு மேல் போட்டால் மந்தை காக்கப்படும்.

இந்தியா 1954-இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மாடுகளில் 80 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போடுவது இலக்கு. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இருந்த நோய்த்தாக்க நிகழ்வுகள் ஒரு பத்தாண்டுக்குள் சில நூறாகக் குறைந்தன. அதற்குப் பிறகு பூச்சியத்தை எட்ட முடியவில்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 80 விழுக்காடு எதிர்ப்பாற்றல் உள்ள மந்தையில் ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கு மாடுகள் கழிந்து புதிய கன்றுகள் சேர்ந்தால், ஓராண்டில் அந்த அளவு 64-ஆகவும் ஈராண்டில் ஏறத்தாழ 51-ஆகவும் இறங்கிவிடும். மாவட்டச் சராசரி 80 என்றாலும், ஊசி எட்டாத ஒரு மலையடிவாரத்தில் அது 30-ஆக இருக்கலாம். வைரஸுக்கு அந்த இடம் போதும். சந்தைக்கு ஓட்டிச் செல்லும் மாடுகளும், ஊர் ஊராகப் பட்டிபோடும் ஆட்டு மந்தைகளும் நோயை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தன.

ஆடுகள் வழியாக நோய் பயணித்ததற்குத் தெளிவான சான்று இலங்கையில் கிடைத்தது. 1987-இல் இந்திய அமைதிப்படையின் இறைச்சித் தேவைக்காகக் கொண்டுசெல்லப்பட்ட ஆடுகளோடு வெக்கை அந்தத் தீவுக்குள் மீண்டும் நுழைந்தது. அதை ஒழிக்க 1994 வரை ஆயிற்று.

ஆப்பிரிக்காவிலும் இதே அனுபவம்தான். 1962 முதல் 1976 வரை நடந்த கூட்டுத் தடுப்பூசித் திட்டம் நோயை அநேகமாக அடக்கியது. எஞ்சிய சில இடங்கள் கவனிக்கப்படாமல் விடப்பட்டன. 1980-களின் தொடக்கத்தில் அவற்றிலிருந்து கிளம்பிய நோய் கண்டத்தின் பெரும்பகுதியில் மீண்டும் பரவியது.

எஞ்சிய இடங்களைத் தேடுதல்

இதற்குப் பிறகு அணுகுமுறை மாறியது. எல்லா இடத்திலும் ஊசி போடுவதை விட்டு, வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் பணி முன்னுக்கு வந்தது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஒருங்கிணைப்பில் உலக வெக்கை ஒழிப்புத் திட்டம் 1994-இல் தொடங்கியது. ஜெஃப்ரி மரைனர் உருவாக்கிய வெப்பம் தாங்கும் தடுப்பூசி, குளிர்பதனப் பெட்டி எட்டாத இடங்களுக்குத் தோளில் சுமந்து சென்று பயன்படுத்தத் தக்கதாக இருந்தது. போரால் அரசு அலுவலர் நுழைய முடியாத தெற்கு சூடான் போன்ற பகுதிகளில் மேய்ப்பர்களுக்கே பயிற்சி தந்து ஊசி போட வைத்தனர்.

மேய்ப்பர்களின் அறிவே தேடலுக்கும் வழிகாட்டியது. எந்த மழைக்காலத்தில், எந்த நீர்நிலையருகே, எந்த வயது மாடுகளுக்கு, எப்படிப்பட்ட கழிச்சல் கண்டது என்று அவர்களிடம் முறையாகக் கேட்டு, விடைகளை வரைபடத்தில் குறித்து, ஆய்வக முடிவுகளோடு ஒப்பிட்டனர். மக்கள் பங்கேற்புடன் நடக்கும் இந்த நோய்ப்பரவியல் முறை, வெக்கை ஒழிப்பு மற்ற நோய்களுக்கு விட்டுச்சென்ற கொடை.

காட்டு விலங்குகள் நோயைக் காத்து வைத்திருக்குமோ என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்தது. தான்சானியாவின் செரெங்கெட்டியைச் சுற்றி வளர்ப்பு மாடுகளுக்கு ஊசி போட்டபோது காட்டு விலங்குகளிடையேயும் நோய் மறைந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் மான்கள் 1970-களின் இறுதியில் 13 லட்சத்தைத் தாண்டின. நோயின் உண்மையான உறைவிடம் வளர்ப்பு மாடுகளே. காட்டு விலங்குகள் அவற்றிடமிருந்து நோய் பெற்றவை.

நோயின்மையை நிறுவுதல்

ஒரு நாட்டில் நோய் இருக்கிறது என்று காட்ட ஒரு மாடு போதும். இல்லை என்று காட்டுவது கடினம். தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருளையும் நோயால் வந்த எதிர்ப்பொருளையும் இரத்தப் பரிசோதனையால் பிரித்தறிய முடியாது. ஆகவே முதலில் ஊசியை நிறுத்த வேண்டும். அதன்பின் பிறந்த கன்றுகளின் இரத்தத்தைப் புள்ளியியல் முறைப்படி தேர்ந்தெடுத்த ஊர்களில் சேகரித்து எலிசா என்னும் எதிர்ப்பொருள் சோதனை செய்ய வேண்டும். அவற்றில் எதிர்ப்பொருள் இல்லையென்றால் வைரஸ் உலவவில்லை என்று பொருள். பாதுகாப்பைத் தந்துகொண்டிருந்த ஊசியை நிறுத்துவது எந்த அரசுக்கும் துணிச்சலான முடிவு.

இந்தியாவில் இதற்கான புதிய திட்டம் 1992-இல் தொடங்கியது. நோய் கடைசியாக நிலைகொண்டிருந்த பகுதி தென்னிந்தியத் தீபகற்பம். நாட்டின் கடைசி வெக்கை நிகழ்வு 1995-இல் தமிழ்நாட்டில் பதிவானது. ஊர் ஊராகத் தேடுதலும் இரத்தச் சோதனைகளும் தொடர்ந்தன. 2004-இல் நோய் இல்லாத நாடாகவும், 2006-இல் தொற்றே இல்லாத நாடாகவும் இந்தியா அங்கீகாரம் பெற்றது. உலகில் கடைசியாக உறுதியான நோய் 2001-இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமைகளிடம் காணப்பட்டது. 2011 மே 25-இல் உலக விலங்குநல அமைப்பும், அதே ஆண்டு ஜூன் 28-இல் உணவு வேளாண் அமைப்பின் மாநாடும் வெக்கை ஒழிந்ததை அறிவித்தன.

அடுத்த இலக்கு

வெக்கையைத் தேடிய பணி இன்னொரு நோயையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆடுகளில் வெக்கை என்று எண்ணப்பட்ட பல நிகழ்வுகள், அதற்கு உறவான வேறொரு வைரஸால் வருபவை. இந்தியாவில் இது முதன்முதலில் உறுதியானது 1987-இல், விழுப்புரத்தை அடுத்த அரசூரில் செம்மறியாடுகளிடம். தமிழகத்தில் இதை ஆட்டுக்கொல்லி நோய் என்கிறார்கள். 2030-க்குள் உலகிலிருந்து இதையும் ஒழிப்பது சர்வதேச இலக்கு. நல்ல தடுப்பூசி கையில் இருக்கிறது. வெக்கையிடமிருந்து கற்ற பாடங்களும் இருக்கின்றன: சராசரியை நம்பாமல் எஞ்சிய இடங்களைத் தேட வேண்டும், விலங்கு நடமாட்டத்தைக் கண்காணிக்க வேண்டும், சந்தையிலிருந்து வாங்கிய ஆட்டைச் சில வாரம் தனியே கட்ட வேண்டும், பட்டியில் காய்ச்சலும் கழிச்சலும் கண்ட அன்றே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். ஆடு வளர்ப்பவர் சொல்லும் அந்த முதல் தகவல் வராவிட்டால் ஆய்வகமும் தடுப்பூசியும் உரிய காலத்தில் பயன்படா.